சேகரை வெட்டச் சொல்கிறார்கள்: துணைப் பாத்திரத்தின் கதை எப்போது நாவலுக்குத் தேவையாகிறது?

பாதிவரைவு
வணக்கம். நாவலின் இரண்டாம் வரைவில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், ஏறக்குறைய 70,000 சொற்கள். கதை இதுதான். வாணிக்கு நாற்பது வயது, அப்பாவுக்கு மறதி நோய், வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொள்ள வந்துவிடுகிறாள். தம்பி தூரத்தில் இருந்து பணம் மட்டும் அனுப்புகிறான். இரவில் அப்பாவைக் கவனிக்க சேகர் என்று ஓர் ஆளை அமர்த்தியிருக்கிறாள். அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் கதை போய் முட்டுகிறது.

சேகருக்கு ஒரு கிளைக்கதை வைத்திருக்கிறேன். வாரம் இரண்டு முறை வீட்டுக்கு வரும் செவிலி நித்யாவோடு காதல், அவள் வீட்டில் எதிர்ப்பு, பிரிவு. மொத்தம் 6 அத்தியாயங்கள். எனக்கு நாவலிலேயே பிடித்த பகுதி அதுதான். படிக்கக் கொடுத்த மூன்று பேரில் இரண்டு பேர் அந்த அத்தியாயங்களைப் புரட்டித் தள்ளிவிட்டோம் என்றார்கள். மூன்றாமவர் "சேகரை வெட்டு, நாவல் மூச்சு விடும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. வெட்டத்தான் வேண்டுமா?

தாள்புரட்டி
வெட்டுங்கள். நமக்குப் பிடித்த பகுதி என்பதே சந்தேகப்பட வேண்டிய அறிகுறி.

கடைசிபெஞ்சு
மேலே சொன்னவர் எல்லா இழையிலும் இதையேதான் சொல்கிறார், கண்டுகொள்ளாதீர்கள் :)

மைக்கூடு
வெட்டுவதற்கு முன் ஒன்று கேட்கிறேன். சேகரும் நித்யாவும் பிரிந்த மறுநாள் காலை வாணியின் வாழ்க்கையில் என்ன மாறியிருக்கிறது? அவள் எடுக்கப்போகும் முடிவில் ஏதாவது நகர்ந்திருக்கிறதா? ஒன்றும் இல்லை என்றால் அந்த 6 அத்தியாயங்களும் இன்னொரு நாவலில் இருக்க வேண்டியவை, தப்பான வீட்டுக்கு வந்துவிட்டன. அவை நன்றாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்பது வேறு கேள்வி. நன்றாக எழுதிய பகுதியையும் வாசகர் தாவுவார். "இதைப் படிக்காவிட்டாலும் கதை புரியும்" என்று இரண்டு பக்கத்திலேயே மோப்பம் பிடித்துவிடுவார்கள், அதில் வாசகர்களை ஏமாற்றவே முடியாது.

பாதிவரைவு
உண்மையைச் சொன்னால், ஒன்றும் மாறவில்லை. வாணிக்கு அந்தக் காதல் பாதி தெரியவே தெரியாது. நாவல் முழுக்க நோயும் படுக்கையுமாக இருக்கிறதே, கொஞ்சம் இளைப்பாற இடம் வேண்டும் என்றுதான் வைத்தேன்.

எழுத்தாணி
அங்கேதான் கோளாறு என்று நினைக்கிறேன். "இளைப்பாற" என்று வைக்கிற கிளைக்கதை எப்போதும் காதலாகவே வந்து நிற்கும், கவனித்திருக்கிறீர்களா? கையருகில் கிடைப்பது அது ஒன்றுதான். என் முதல் நாவலில் நாயகனின் நண்பனுக்கு நானும் இதையேதான் செய்தேன். அச்சுக்குப் போகும் முன் படித்த பதிப்பாசிரியர் ஓரத்தில் "இவனுக்கு வேறு வேலை இல்லையா?" என்று எழுதி அனுப்பினார். கோபம் வந்தது. அப்புறம் உட்கார்ந்து பார்த்தால், நிஜமாகவே அவனுக்கு வேறு வேலை இல்லை. அவன் எங்கே வேலை பார்க்கிறான் என்றே நான் எழுதியிருக்கவில்லை.

இன்னொன்று. துணைப் பாத்திரத்துக்கு ஒரு தேவை இருக்க வேண்டும், அந்தத் தேவை நாயகியின் வழியில் குறுக்கே வர வேண்டும். பகைமை அவசியமே இல்லை. சிலப்பதிகாரத்தின் பொற்கொல்லனை எடுத்துக்கொள்ளுங்கள். கோவலன் மேல் அவனுக்கு என்ன விரோதம்? அன்றுதான் முதல்முறை பார்க்கிறான். அரசியின் சிலம்பைத் தான் எடுத்து வைத்திருப்பது வெளியே தெரிந்துவிடக் கூடாது, அவனுடைய கவலை அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து ஒருவன் சிலம்போடு எதிரே வந்து நிற்கிறான். எங்கோ ஒரு சின்ன ஆள் தன் தலையைத் தப்புவிக்கப் பார்க்கிறான், அதில் ஒரு காப்பியமே திசை திரும்பிவிடுகிறது. அவன் மேடையில் இருக்கும் நேரத்தைக் கணக்குப் போட்டால் கொஞ்சம்தான்.

தாள்புரட்டி
அவன் வில்லன். வில்லனுக்குத் தேவை இருப்பதில் என்ன அதிசயம்? இங்கே பேச்சு சேகரைப் பற்றி.

எழுத்தாணி
சேகர் தன் பார்வையில் யார் என்று யோசிக்கச் சொல்கிறேன். அவன் நாவலின் துணைப் பாத்திரம் என்பது அவனுக்குத் தெரியாதில்லையா.

நிழல்வாசகி
நான் எழுதுகிறவள் இல்லை, படிக்கிறவள் மட்டும். @பாதிவரைவு, சேகர் வரும் எல்லா இடங்களையும் அத்தியாய வரிசையில் பட்டியலாகப் போடுங்களேன். காதலை மட்டும் சொல்லாமல் ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும். பார்த்தால் ஏதாவது தோன்றும்.

பாதிவரைவு
சரி, ஃபைலில் தேடி எடுத்தேன். 3-இல் வேலைக்கு வருகிறான், அப்பாவைத் தூக்கி உட்கார வைக்கும் விதத்தைப் பார்த்து வாணிக்கு நம்பிக்கை வருகிறது. 5-இல் நித்யாவைச் சந்திக்கிறான். 6, 8 காதல். 9-இல் அப்பா இரவில் எழுந்து வெளியே போய்விட, சேகர் தேடிக் கூட்டி வருகிறான். 11-இல் வாணிக்குத் தூக்கம் வராத ஓர் இரவு, சேகர் தன் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருப்பது காதில் விழுகிறது, "மாத்திரை போட்டாயா" என்று கேட்கிறான், இரண்டு வரிதான். 12, 14, 15 மறுபடி காதல், எதிர்ப்பு, பிரிவு. 18-இல் சம்பள உயர்வு கேட்கிறான். 21-இல் அப்பா இல்லத்துக்குப் போனதும் விடைபெறுகிறான்.

நிழல்வாசகி
11-இல் நில்லுங்கள். அவனுக்கு ஓர் அம்மா இருக்கிறாளா? அவளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

பாதிவரைவு
... யோசிக்கவே இல்லை. பக்கத்து வீட்டில் யாராவது என்று வைத்துக்கொள்ளலாம்.

நிழல்வாசகி
அடுத்தவர் அப்பாவை இரவு முழுக்கக் கண் விழித்துப் பார்த்துக்கொள்கிறவனின் அம்மா எங்கோ தனியாக இருக்கிறாள், "மாத்திரை போட்டாயா" என்று போனில் கேட்பதுதான் அவனால் முடிந்தது. இதை இரண்டு வரியில் போட்டுவிட்டு காதலுக்கு 6 அத்தியாயம் கொடுத்திருக்கிறீர்களே! நானாக இருந்தால் இதைத்தான் படிப்பேன்.

கடைசிபெஞ்சு
அடடா.

மைக்கூடு
ஆமாம், கிளைக்கதை அங்கேதான் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறது. முதல் வரைவில் இப்படி நடப்பது சகஜம், கை எழுதிவிடும், மண்டைக்கு எட்டாது. அதனால்தான் இரண்டாம் வரைவு தொடங்கும் முன் துணைப் பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனித் தாள் எடுத்து, வருகிற இடங்களை மட்டும் வரிசையாக எழுதிப் பார்ப்பேன். நாவலை மேலிருந்து கீழாகப் படிக்கும்போது அந்த ஆள் கண்ணில் படமாட்டார், பக்கவாட்டில் படித்தால் படுவார். தாளில் "வந்தான், சொன்னான், போனான்" என்று மட்டுமே இருந்தால் அந்த ஆள் தபால்காரர்தான், செய்தி கொண்டுவரப் படைத்திருக்கிறேன் என்று அர்த்தம். தபால்காரர்களும் வேண்டும், அவர்களுக்குக் கிளைக்கதை வேண்டியதில்லை. ஒரே குணத்தோடு வருகிற தட்டைப் பாத்திரம், பல பக்கங்கள் உள்ள முழுப் பாத்திரம் என்று 1927-இல் பிரித்துக் காட்டிய ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர்கூட தட்டையானவர்களைக் கேவலமாகப் பேசவில்லை. பார்த்ததும் அடையாளம் தெரியும், நினைவிலும் நிற்பார்கள் என்று அவர்களுக்கும் ஓர் இடம் கொடுத்தார்.

இப்போது சேகருக்கு வாருங்கள். வாணியின் கேள்வி, "பெற்றவரை நானே பார்த்துக்கொள்வதா, வேறு கைகளில் ஒப்படைப்பதா?" சேகருக்கும் அதே கேள்விதான், ஆனால் அவனுக்குத் தேர்ந்தெடுக்கும் வசதி இல்லை. கம்பராமாயணத்தில் வீடணனும் கும்பகருணனும் இருக்கிறார்களே, அண்ணன் செய்வது தவறு என்று இரண்டு பேருக்குமே தெரியும். ஒருவன் விட்டு வந்துவிடுகிறான். இன்னொருவன், தம்பியே நேரில் வந்து அழைத்தும், வளர்த்தவனுக்காக உயிரைக் கொடுப்பேன் என்று அங்கேயே நிற்கிறான். கும்பகருணன் அப்படி நின்ற பிறகு வீடணன் எடுத்த முடிவையும் நம்மால் பழையபடி எளிதாகப் பார்க்க முடிவதில்லை. சேகரால் வாணியின் மேல் அப்படி ஒரு பார்வை விழ வேண்டும்.

தாள்புரட்டி
இதுதான் எனக்குப் பிடிக்காதது. எல்லாத் துணைப் பாத்திரமும் நாயகியின் கேள்வியையே வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பக் கேட்டால் அது நாவலா, கண்ணாடி மாளிகையா? நாயகிக்கு அப்பா பிரச்சினை, வேலையாளுக்கு அம்மா பிரச்சினை, செவிலிக்குப் பாட்டி பிரச்சினை, நாய்க்குக் குட்டி பிரச்சினை. ஆசிரியர் வரைபடம் போட்டது பளிச்சென்று தெரிந்துவிடும். அடுத்த வீட்டுக்காரருக்கு உங்கள் பிரச்சினையே இருக்க வேண்டும் என்று வாழ்க்கையில் ஏதாவது விதி இருக்கிறதா?

எழுத்தாணி
நாய் வரைக்கும் போக வேண்டாம், ஆனால் இது நியாயமான பயம்தான். இணைக்கோடு என்றாலே ஷேக்ஸ்பியரின் லியர் அரசன் நாடகத்தைக் காட்டுவார்கள். ஷேக்ஸ்பியருக்கு முன்பே லியர் கதை நாடகமாக இருந்தது, அதில் குளோஸ்டர் என்ற இன்னொரு தகப்பனின் கதை கிடையாது. அவர் ஃபிலிப் சிட்னி எழுதிய ஆர்க்கேடியா என்ற நூலிலிருந்து ஒரு கதையை எடுத்து வந்து இதோடு தைத்தார். பிள்ளைகளைத் தப்பாக எடைபோட்ட இரண்டு தகப்பன்கள், ஒருவருக்குப் புத்தி தடுமாறுகிறது, இன்னொருவருக்குக் கண் போகிறது. இணை அப்பட்டமாகத்தான் தெரிகிறது, ஆனாலும் யாரும் குறை சொல்வதில்லை, ஏனென்றால் இரண்டு கதைகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே போகின்றன. லியருக்கு உதவியதற்காகத்தான் குளோஸ்டர் கண்ணை இழக்கிறார். ஒப்புமைக்காக மட்டும் அங்கே உட்கார்ந்திருந்தால் நீங்கள் சொல்கிற கண்ணாடி மாளிகையாகத்தான் ஆகியிருக்கும்.

நிழல்வாசகி
டால்ஸ்டாயின் அன்னா கரேனினா நாவலில் இரண்டு கதைகளின் நாயகர்களான லெவினும் அன்னாவும் ஒரே ஒரு முறைதானே சந்திக்கிறார்கள், அதுவும் ஏழாம் பாகத்தில். அங்கே என்ன தள்ளுகிறது?

எழுத்தாணி
மாட்டிவிட்டீர்கள். அங்கே சம்பவம் தள்ளவில்லை, சரிதான். இரண்டு கதைகளும் சேரும் இடம் தெரியவில்லை என்று குறை சொன்ன ஒருவருக்கு, வளைவுகள் இணையும் இடம் வெளியே தெரியாதபடி கட்டியதில்தான் எனக்குப் பெருமை என்கிற பொருளில் டால்ஸ்டாய் 1878-இல் கடிதம் எழுதினார். ஆனால் அவருக்கு எட்டுப் பாகம் இருந்தது. நமக்கு 70,000 சொல்.

தாள்புரட்டி
சரி, டால்ஸ்டாய்க்கு விலக்கு.

கடைசிபெஞ்சு
நான் தொடர்கதை எழுதுகிறவன், வாரம் ஒரு பகுதி. என் சிக்கல் இதற்கு நேர் எதிர். துணைப் பாத்திரமாக ஒரு கிழவியைக் கொண்டு வந்தேன், இரண்டு வாரத்துக்கு என்று நினைத்து. பின்னூட்டம் முழுக்க "பாட்டி எங்கே, பாட்டி எங்கே" என்று வர ஆரம்பித்துவிட்டது. ஆசையில் பாட்டிக்கு முன்கதை, முன்கதைக்கு ஒரு ஃபிளாஷ்பேக், ஃபிளாஷ்பேக்கில் ஒரு கொலை என்று போய், நாயகன் ஐந்து வாரமாக ஒரே அறையில் நிற்கிறான். இன்னும் நிற்கிறான். சிரிக்காதீர்கள்.

மைக்கூடு
சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். ஆனால் உங்கள் பாட்டியை ஏன் கேட்கிறார்கள் என்று பாருங்கள். முன்கதைக்காகவா? வந்த இரண்டு வாரத்தில் அவள் செய்த ஏதோ ஒன்றுக்காகத்தான் இருக்கும். ஒரு பாத்திரம் பிடித்துப்போனால் உடனே அதன் கடந்த காலத்தைத் தோண்டுகிறோம், வாசகர் கேட்பதோ அது அடுத்து என்ன செய்யும் என்பதை. பாட்டியை அந்த அறைக்குள் அனுப்பிவிடுங்கள், நாயகனும் வெளியே வந்துவிடுவான்.

கடைசிபெஞ்சு
இது தோன்றவே இல்லை. நன்றி. இந்த வாரமே அனுப்புகிறேன்.

பாதிவரைவு
இரண்டு நாளாக இதைத்தான் உருட்டிக்கொண்டிருந்தேன். நித்யாவை எடுத்துவிடுகிறேன் (நெஞ்சு வலிக்கிறது). சேகரின் அம்மாவை வைத்து இப்படி யோசித்தேன்: வாணி இல்லம் பற்றி முடிவெடுக்கத் தவிக்கும் நேரத்தில் சேகரின் அம்மா தனியாக இறந்துவிடுகிறாள். அதைப் பார்த்து அதிர்ந்துபோய் வாணி அப்பாவை இல்லத்துக்கு அனுப்புவதில்லை என்று முடிவெடுக்கிறாள். எப்படி?

நிழல்வாசகி
வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். நாயகிக்குப் பாடம் கற்பிக்க ஏழை வீட்டு அம்மாவைக் கொல்வதை எத்தனை கதையில் படித்துவிட்டேன். அந்த அம்மாவுக்குப் பெயர்கூட இல்லை, சாவு மட்டும் இருக்கிறது. சேகரின் துக்கத்தை நாயகி வாங்கித் தன் கணக்கில் போட்டுக்கொள்கிறாள்.

தாள்புரட்டி
முதல்முறையாக இந்த இழையில் ஒருவரோடு முழுக்க உடன்படுகிறேன்.

எழுத்தாணி
நானும். இன்னொரு பக்கமும் பாருங்கள். சேகரின் கதையை அவன் இருக்கும் இடத்திலிருந்து ஒரு பத்தியில் சொல்லிப் பாருங்கள், நாவலுக்காக வேண்டாம், உங்களுக்காக. அதில் வாணி யார்?

பாதிவரைவு
முதலாளி. நல்ல மனுஷிதான், ஆனால் ஞாயிறுகூட விடமாட்டாள், ஏனென்றால் அவளுக்கும் தூங்க வேறு வழி இல்லை.

ஐயோ. வாணிதான் அவனை அவன் அம்மாவிடமிருந்து பிரித்து வைத்திருக்கிறாள்.

எழுத்தாணி
அதேதான். யாரையும் கொல்லாமலே கிடைத்துவிட்டது பாருங்கள். தன் அப்பாவை விட்டுக்கொடுக்காத நல்ல மகள் என்று தன்னை நம்பிக்கொண்டிருக்கிறவள், அந்த நல்ல பெயரை இன்னொருவனின் இரவுகளை விலைக்கு வாங்கிக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். 18-இல் சம்பள உயர்வு கேட்கிறானே, அங்கே அவன் பணம் கேட்க வேண்டாம், விடுப்பு கேட்கட்டும், 15 நாள். அவள் தர மறுக்கட்டும், அல்லது இன்னும் மோசமாக, சம்பளத்தை உயர்த்துகிறேன் என்று சொல்லட்டும்.

மைக்கூடு
அந்தக் கடைசி வரி பிரமாதம். தம்பி பணம் மட்டும் அனுப்புகிறான் என்று நாவல் முழுக்கத் திட்டுகிறவள் அதே காரியத்தைத் தானும் செய்கிறாள். ஆனால் ஒன்று, தயவுசெய்து அதை வாணி உணர்கிறாள் என்று எழுதிவிடாதீர்கள். "அப்போதுதான் அவளுக்குத் தம்பியின் நினைவு வந்தது" என்று ஒரு வரி போட்டால் எல்லாம் போச்சு. வாசகர் உங்களுக்கு முன்னாலேயே அங்கே போய் உட்கார்ந்திருப்பார்.

இடம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 11-இல் வருகிற அந்த போன் அழைப்பை இன்னும் முன்னால் கொண்டு வாருங்கள், 4 அல்லது 5-க்கு. சும்மா பின்னணிச் சத்தம் போல ஒருமுறை. அப்புறம் 9-இல் அப்பா காணாமல் போகும் இரவு, சேகர் ஏன் கவனிக்கவில்லை? போனில் இருந்தான். ஏற்கெனவே நீங்கள் எழுதிய காட்சிதான், ஒரு காரணம் மட்டும் சேர்கிறது. வாணி அன்று அவனைத் திட்டுவாள், இனி இரவில் போன் கூடாது என்று சொல்லுவாள், அது நியாயமாகவும் இருக்கும். இப்படி மூன்று நான்கு இடத்தில் தொட்டால் போதும், தனி அத்தியாயமே தேவைப்படாது. கிளைக்கதை என்றதும் தனி அத்தியாயம், தனிப் பார்வைக்கோணம் என்று பிரித்துக் கொடுத்துவிடுகிறோம், அப்படிப் பிரித்த இடத்தில்தான் வாசகர் தாவுகிறார்.

தாள்புரட்டி
பார்வைக்கோணத்தை வாணியிடமே வைத்தால் சேகரின் அம்மா கடைசி வரை ஒரு குரலாக மட்டும்தான் இருப்பாள். அதுவும் இந்தப் பக்கம் கேட்கிற பாதிப் பேச்சு. எனக்கு அது பிடித்திருக்கிறது. (வெட்டச் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை, வெட்ட வேண்டியது நித்யாவை என்று திருத்திக்கொள்கிறேன்.)

பாதிவரைவு
மூன்று வாரம் கழித்து வருகிறேன். எழுதிவிட்டேன், முழுசாக இல்லை. 6 அத்தியாயம் போய் இப்போது 5 காட்சிகள், எல்லாம் வாணியின் கண் வழியே. மொத்தமாக 9,000 சொல் குறைந்திருக்கிறது. நித்யாவின் பெயர் ஓர் இடத்தில் மட்டும் தப்பிப் பிழைத்திருந்ததை நேற்றுதான் பார்த்தேன், யார் என்றே தெரியாமல் ஒருத்தி வந்து ஊசி போட்டுவிட்டுப் போகிறாள்.

நான் திட்டமிடாத ஒன்று நடந்தது. சேகர் விடுப்பு கேட்கிறான், வாணி சம்பளத்தை உயர்த்துகிறாள், அவன் தலையாட்டுகிறான். இரண்டு நாள் கழித்து சொல்லாமல் போய்விடுகிறான். அன்று இரவு வாணி தனியாக அப்பாவைத் தூக்கி உட்கார வைக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. அவர் அவளை "சேகர்" என்று கூப்பிடுகிறார். இதுவரை அவர் அவள் பெயரை மறந்ததாக நான் எங்கும் எழுதவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் இல்லத்துக்கு போன் செய்கிறாள்.

இப்போது சிக்கல், சேகர் போய்விட்டான், 21-இல் விடைபெற அவன் இல்லை. அவனுக்கு என்ன ஆனது என்று சொல்ல வேண்டுமா? அம்மாவைப் பார்த்தானா? வாணியின் பார்வையிலேயே இருக்கும்போது எப்படிச் சொல்வது?

கடைசிபெஞ்சு
"சேகர்" என்று கூப்பிடும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கதைச் சுருக்கத்துக்கே இப்படி.

எழுத்தாணி
சொல்லத்தான் வேண்டும், ஆனால் ஓரிரு வரி போதும். மறுபடி சிலம்புக்கே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கண்ணகியை அடைக்கலமாக ஏற்ற மாதரி தீயில் விழுந்தாள், கவுந்தியடிகள் உண்ணாமல் இருந்து உயிர்விட்டார் என்பதெல்லாம் நமக்கு எங்கே தெரிய வருகிறது? வஞ்சிக் காண்டத்தில், நீர்ப்படைக் காதையில், மாடலன் என்ற மறையவன் சேரன் செங்குட்டுவனிடம் சொல்லும்போது. சில வரிகளில் போகிறபோக்கில் வருகிறது. அத்தனை நேரம் கூட நடந்து வந்தவர்களின் முடிவு ஒருவர் வாய்ச் செய்தியாக வந்து சேர்கிறது, அதனாலேயே கூடுதலாகக் குத்துகிறது. உங்களுக்கும் ஒரு மாடலன் கிடைத்தால் போதும்.

நிழல்வாசகி
அவன் பாக்கிச் சம்பளம்?

பாதிவரைவு
என்ன?

நிழல்வாசகி
சொல்லாமல் போனவனுக்கு அந்த மாதச் சம்பளம் பாக்கி இருக்குமே. வாணி அதை அனுப்பியாக வேண்டும். அதற்கு அவனுக்கு போன் செய்தாக வேண்டும். யார் எடுப்பார்கள்?

பாதிவரைவு
அம்மா எடுப்பாள்.

போய் எழுதுகிறேன். 21-ஐ முடித்ததும் அனுப்புகிறேன், யார் படிக்கிறீர்கள்?

தாள்புரட்டி
எனக்கு அனுப்புங்கள். வெட்டுவதற்கு ஏதாவது மிச்சம் இருக்கும்.